விடுதியை விட்டு வெளியேறிய மகள்: நியூயார்க்கின் ‘ரோ எதிர் டோ’ வழக்கும் பராமரிப்புக் கடமையின் எல்லையும்

நியூயார்க்கில் பெயர்பெற்ற வழக்கறிஞராக இருந்த ஒரு தந்தைக்கும், கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அவருடைய 20 வயது மகளுக்கும் இடையே 1970-இல் முற்றிய பிணக்கு, மறு ஆண்டே நியூயார்க் மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் வரை போய்ச் சேர்ந்தது. சொத்துத் தகராறோ, வீட்டார் விரும்பாத திருமணமோ அதற்குக் காரணம் அல்ல. கல்லூரி விடுதியில்தான் தங்க வேண்டும் என்று தந்தை சொல்லி அனுப்பியிருந்தார். மகள் விடுதியை விட்டு விலகி, வகுப்புத் தோழி ஒருத்தியுடன் வளாகத்துக்கு வெளியே வாடகை வீட்டில் குடியேறினார். உண்மை தெரியவந்ததும் தந்தை பணம் அனுப்புவதை நிறுத்தினார். வீட்டுக்கு வீடு நடக்கக்கூடிய இந்தச் சம்பவத்திலிருந்து, அரை நூற்றாண்டாக நியூயார்க்கின் குடும்ப நீதிமன்றங்களில் பராமரிப்புத்தொகை வழக்குகள் பலவற்றின் போக்கைத் தீர்மானித்துவரும் ஒரு விதி பிறந்தது.

குடும்ப விவகாரம் என்பதால் இருவர் பெயரும் மறைக்கப்பட்டு, தீர்ப்புத் தொகுப்பில் இது ‘ரோ எதிர் டோ’ என்றே பதிவாகியிருக்கிறது. ரோ, டோ ஆகிய இரண்டும், உண்மைப் பெயரைச் சொல்ல விரும்பாத இடத்தில் ஆங்கிலேயச் சட்ட மரபு நெடுங்காலமாக இட்டுவரும் புனைபெயர்கள். கருக்கலைப்பு பற்றிய 1973-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ‘ரோ எதிர் வேட்’ வழக்குக்கும் இதற்கும் புனைபெயரைத் தவிர வேறு தொடர்பு கிடையாது. நம் வாசகர்களை வழக்கமாகக் குழப்பும் இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. நியூயார்க் மாநிலத்தில் ‘சுப்ரீம் கோர்ட்’ எனப்படுவது விசாரணை நீதிமன்றம். அதன் மேலே இருப்பது மேல்முறையீட்டுப் பிரிவு. எல்லாவற்றுக்கும் மேலே, மாநிலத்தின் கடைசிச் சொல்லைச் சொல்வது மேல்முறையீட்டு நீதிமன்றம். 1971-இல் இந்த வழக்கை முடித்துவைத்தது அந்த மூன்றாவது அமைப்பு.

மகளின் முழுச் செலவையும் அதுவரை தந்தையே ஏற்றுவந்தார். மகள் விடுதியில்தான் இருக்கிறார் என்ற எண்ணத்திலேயே பணம் போய்க்கொண்டிருந்தது. அவர் வெளியே தங்கியிருந்தது பின்னரே தெரிந்தது. தெரிந்தவுடன் தந்தை இரண்டு காரியங்கள் செய்தார். பணத்தை நிறுத்தியது ஒன்று. உடனே நியூயார்க்குக்குத் திரும்பி வரும்படி சொன்னது மற்றொன்று. மகள் திரும்பவில்லை. தந்தை முன்பு பரிசாகத் தந்திருந்த காரை விற்று, அந்தப் பணத்தில் சிறிது காலம் ஓட்டினார். பிறகு கோடைக்கால வகுப்புகளிலும் சேர்ந்தார்; நியூயார்க்குக்குத் திரும்பியபோதும் தந்தை வீட்டுக்குப் போகாமல், ஒரு தோழியின் பெற்றோர் வீட்டில், லாங் ஐலண்டில், தங்கினார். படிப்பில் அவர் தடுமாறியதையும், போதைப்பொருள்களைச் சில முறை பரிசோதித்துப் பார்த்ததையும், ஆனால் அதற்கு அடிமையானதாகத் தெரியவில்லை என்பதையும் தீர்ப்பு மறைக்காமல் பதிவு செய்கிறது. பல்கலைக்கழகத்தின் கட்டண ரசீதுகள் தந்தையிடம் போய், பணம் செலுத்தப்படாமலே கிடந்தன.

அப்போது நியூயார்க்கில் 21 வயது நிறைந்தால்தான் ஒருவர் மேஜர். ஆகவே 20 வயது மகள் சட்டத்தின் கண்ணில் மைனர். தன் தந்தைமீது பராமரிப்பு கேட்டு நீதிமன்றம் செல்வதற்கும் அவருக்கு ஒரு சிறப்புப் பாதுகாவலர் தேவைப்பட்டார். சொந்தமாக வீடு பார்த்து, காரை விற்று, பெற்றோர் கைக்கு எட்டாமல் வாழும் ஒருவர், மைனர் என்ற தகுதியில் நின்றுகொண்டு அதே பெற்றோரிடம் செலவுக்குக் கேட்கிறார். இந்த முரணைச் சட்டம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதே வழக்கின் உயிர்நிலை.

மகளின் பக்கம் நின்ற வாதம் எளிமையானது. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 413-ஆம் பிரிவு, வசதியுள்ள தந்தை தன் 21 வயது நிறையாத பிள்ளையைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. மகளுக்கு 21 ஆகவில்லை. தந்தைக்கு வசதி இருக்கிறது. இதற்கு மேல் கேள்வி எங்கே வந்தது? விசாரித்த குடும்ப நீதிமன்றம் மகள் பக்கமே சாய்ந்து, தந்தை பணம் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. மேல்முறையீட்டுப் பிரிவு அந்த உத்தரவின் முக்கியப் பகுதியை நீக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் தந்தைக்குச் சாதகமான அந்த முடிவையே உறுதிசெய்தது.

தீர்ப்பின் தர்க்கம் ஒரு கொடுக்கல் வாங்கலின் மீது எழுப்பப்பட்டது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் பழைய பார்வையில், பெற்றோர் பிள்ளைக்குச் சோறும் கூரையும் தர வேண்டும். அதற்கு ஈடாகப் பிள்ளையின் உழைப்பும் சம்பாத்தியமும் பெற்றோருக்கு உரியவை, பிள்ளை அவர்களுடைய சொல்லுக்குள் இருக்க வேண்டும். இந்தக் கட்டிலிருந்து பிள்ளை வெளியேறுவதையே அந்தச் சட்டம் ‘எமான்சிபேஷன்’ என்றது. தமிழில் அதை விடுபாடு எனலாம். ரோமானியச் சட்டத்தில் தந்தையின் கைப்பிடியிலிருந்து மகனை விடுவிக்கும் சடங்கின் பெயர் அது. அடிமைகளின் விடுதலைக்கும் பின்னாளில் அதே சொல் பயன்பட்டது. நாம் இங்கே பேசுவது அதன் குடும்பச் சட்டப் பொருளை மட்டுமே.

நியூயார்க் நீதிபதிகள் இந்தப் பழைய கொடுக்கல் வாங்கலைப் புது மொழியில் சொன்னார்கள். பராமரிக்கிற தந்தைக்கு, நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கும் உரிமையும் உண்டு. புறக்கணிப்பு, கொடுமை, ஒழுக்கக்கேடு போன்ற குற்றங்கள் தந்தையின்மீது காட்டப்படாத வரை, எந்த விடுதியில் தங்க வேண்டும், எந்த ஊரில் படிக்க வேண்டும் என்பதில் நீதிமன்றம் அவருடைய முடிவுக்குப் பதிலாகத் தன் முடிவை வைக்காது. வேலைக்குச் செல்லக்கூடிய வயதும் அறிவுத் தெளிவும் உள்ள பிள்ளை, பெற்றோரின் தவறு ஏதும் இல்லாமல், தன் விருப்பத்தின் பேரில், அவர்களுடைய கட்டுப்பாட்டைத் தவிர்ப்பதற்காகவே வீட்டை விட்டு வெளியேறினால், பராமரிப்பைக் கேட்கும் உரிமையை அது இழக்கிறது. தன் கைக்கு எட்டாத தொலைவில் மகள் போய் அமர்ந்துகொள்வதற்கான செலவையும் தந்தையே தர வேண்டும் என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த மாநிலத்தில் இது புதிய கேள்வி என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. வேறு மாநிலங்களின் தீர்ப்புகளிலிருந்து விதியை எடுத்துக்கொண்டது. வயது நிறையாமலே, ஆணை எதுவும் பிறப்பிக்கப்படாமலே, பிள்ளையின் நடத்தையை வைத்து அது விடுபட்டுவிட்டதாகக் கொள்ளும் இந்தக் கருத்துக்கு நடத்தைவழி விடுபாடு என்ற பெயர் பொருந்தும்.

இந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டிய சொற்கள் இரண்டு. ‘நியாயமான’ என்பது ஒன்று. தந்தையின் எல்லாக் கட்டளைக்கும் நீதிமன்றம் காவல் நிற்கவில்லை. விடுதியில் தங்கச் சொல்வது நியாயமற்றதோ தான்தோன்றித்தனமானதோ அல்ல என்று கண்டது. ‘வெளியேறினால்’ என்பது மற்றொன்று. வீட்டில் இருந்துகொண்டே எதிர்த்துப் பேசும் பிள்ளையைப் பற்றியோ, மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பற்றியோ தீர்ப்பு பேசவில்லை. வீட்டைத் துறந்த பிள்ளையைப் பற்றித்தான் பேசியது. பின்னால் வந்த வழக்குகளில் இந்த இரண்டு சொற்களும் பட்ட பாட்டைப் பார்க்கும்போது, 1971-இன் நீதிபதிகள் அவற்றை இன்னும் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

தீர்ப்பு வந்த காலமும் கதையின் ஒரு பகுதியே. வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய அமெரிக்க அரசமைப்பின் 26-ஆம் திருத்தம் அதே 1971-இல்தான் நிறைவேறியது. 18 வயதுப் பையனை வியட்நாம் போருக்கு அனுப்பலாம், ஆனால் அவனுக்கு வாக்கு இல்லை என்ற முரண் நாடெங்கும் பேசப்பட்ட நாள்கள் அவை. அந்த அலையின் தொடர்ச்சியாக 1974-இல் நியூயார்க் தன் மேஜர் வயதையும் 21-லிருந்து 18-ஆகக் குறைத்தது. ஒப்பந்தம் எழுதலாம், வாடகை வீடு எடுக்கலாம், சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம். ஆனால் பெற்றோரின் பராமரிப்புக் கடமை மட்டும் 21 வயது வரை அப்படியே விடப்பட்டது. இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் 18 வயதிலோ, பள்ளிப் படிப்பு முடியும்போதோ நின்றுவிடுகிற கடமை, நியூயார்க்கில் மேலும் மூன்று ஆண்டுகள் நீள்கிறது.

இங்கேதான் ரோ வழக்கின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது என்பது என் வாசிப்பு. அந்தத் தீர்ப்பு, பணத்துக்கு ஈடு கீழ்ப்படிதல் என்று சொன்னது. 20 வயது மகள் மைனராக இருந்த காலத்தில் அந்தக் கணக்கு பொருந்தியது. கட்டளையிடத் தந்தைக்கு அதிகாரம் இருந்தது. 1974-க்குப் பிறகு 19 வயதுப் பிள்ளை எங்கே வாழ வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் எந்தப் பெற்றோருக்கும் கிடையாது. அதிகாரத்தைச் சட்டம் எடுத்துக்கொண்டது, கடமையை விட்டுவைத்தது, கீழ்ப்படியாததற்கான தண்டனையையும் விட்டுவைத்தது. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

இந்த ஒட்டாமையை மேல்முறையீட்டு நீதிமன்றமே 1977-இல் எதிர்கொள்ள நேர்ந்தது. 18 வயதை ஒட்டிய ஒரு பெண் வீட்டை விட்டுப் போய்க் காதலனுடன் வாழ்ந்தார்; குழந்தை பிறந்தது; அரசின் நலத்திட்ட உதவி பெற்றார். அந்த உதவிக்கான செலவைத் தந்தையிடமிருந்து ஈடுசெய்யச் சமூக நலத்துறை வழக்குத் தொடுத்தது. தந்தை மகளை விரட்டவில்லை, தடுக்கவே முயன்றிருந்தார். அரசு உதவி பெறும் தகுதி மகளுக்கு இருக்கலாம், தந்தையின் சொல்லைத் தட்டிவிட்டு வாழும் வழி அதனால் அவருக்குக் கிடைக்கலாம், ஆனால் அந்த விடுபாட்டுக்குத் தந்தை பணம் கட்ட வேண்டியதில்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே ரோ விதி, மேஜர் வயது குறைந்த பிறகும் உயிரோடு இருப்பது உறுதியாயிற்று. ஆனால் இரண்டாவது வழக்கில் எதிரே நின்றது மகளல்ல, அரசின் கருவூலம் என்பதைக் கவனிக்க வேண்டும். தந்தைக்கும் அரசுக்கும் இடையே யார் செலவை ஏற்பது என்ற கேள்விக்கு அந்த விடை ஒருவகையில் பொருந்துகிறது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே அது அதே அளவு பொருந்துமா என்பது வேறு கேள்வி.

நம் ஊர்ச் சட்டத்தோடு ஒரு நொடி ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, மணமாகாத மகள் தன் சம்பாத்தியத்திலோ சொத்திலோ தன்னைக் காத்துக்கொள்ள முடியாத வரை, மேஜரான பிறகும் பெற்றோரிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்கிறது. 2020 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அங்கே அளவுகோல் மகளின் தேவை. இந்து மதத்தை விட்டு மாறினால் உரிமை போகும் என்ற ஒரு விதி அச்சட்டத்தில் உண்டு. மற்றபடி, சொன்ன விடுதியில் தங்கவில்லை என்று சொல்லி ஜீவனாம்சத்தை மறுக்கும் ஏற்பாடு அதில் இல்லை. நியூயார்க் தேவையைப் பார்ப்பதற்கு முன் உறவைப் பார்க்கிறது. நியூயார்க்கிலும் அதை அடுத்த நியூ ஜெர்சியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கணிசம் என்பதால், இந்த வேறுபாடு வெறும் ஏட்டு வேறுபாடு அல்ல.

மணமுறிவு வீட்டுக்குள் வந்த விதி

ரோ வழக்கில் ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே கதவு. இன்று இந்த விதி அதிகமாகப் பேசப்படுவது அப்படிப்பட்ட குடும்பங்களில் அல்ல. தாயும் தந்தையும் பிரிந்துவிட்டார்கள். பிள்ளை தாயுடன் வாழ்கிறது. தந்தை மாதந்தோறும் பராமரிப்புத்தொகை கட்டுகிறார். பிள்ளைக்கு 16, 17 ஆகும்போது தந்தையைப் பார்க்க வர மறுக்கிறது, தொலைபேசியை எடுப்பதில்லை, பிறந்தநாள் வாழ்த்துக்கும் பதில் இல்லை. அப்போது தந்தையின் வழக்கறிஞர் ரோ தீர்ப்பை எடுத்து வைக்கிறார்: பிள்ளை என் கட்சிக்காரரைத் துறந்துவிட்டது, ஆகவே அவர் இனிப் பணம் கட்ட வேண்டியதில்லை.

இந்த வாதம் சில வேளைகளில் வெல்கிறது. வெல்வதற்கு முன் தந்தை பல தடைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. விடுபாட்டை நிரூபிக்கும் சுமை, அதைச் சொல்லும் பெற்றோரின் தலையில்தான் இருக்கிறது. பிள்ளை வேலைக்குச் செல்லக்கூடிய வயதினராக இருக்க வேண்டும். 12, 13 வயதுப் பிள்ளை அப்பாவைப் பார்க்க மாட்டேன் என்று அடம்பிடிப்பது எவ்வளவு கசப்பாக இருந்தாலும் இந்த விதிக்குள் வராது. வெறும் தயக்கமோ மனவிலகலோ துறத்தல் ஆகாது என்பதை மேல்முறையீட்டுப் பிரிவின் தீர்ப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. உறவைப் புதுப்பிக்கத் தந்தை மெய்யாகவே முயன்றாரா என்பதும் பார்க்கப்படும். ஆண்டுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று நீதிமன்றம் வருபவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே. எல்லாவற்றுக்கும் மேலாக, விரிசலுக்குக் காரணம் அந்தப் பெற்றோரே என்று தெரிந்தால் வாதம் அங்கேயே விழும். அடித்தவர், அவமதித்தவர், புது வாழ்க்கைத் துணையின் முன் பிள்ளையை ஒதுக்கியவர், ‘வெளியே போ’ என்று சொன்னவர் யாரும் பிள்ளை போய்விட்டது என்று முறையிட முடியாது. கதவைச் சாத்தியது யார் என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே, வெளியே நிற்பது யார் என்ற கேள்விக்கு நீதிமன்றம் வருகிறது.

இவ்வளவு பாதுகாப்புகள் இருந்தும், இந்த விதி மணமுறிவுக் குடும்பத்தில் நுழையும்போது அதன் முகவரி மாறிவிடுகிறது என்பதே இந்த ஆய்வில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. ரோ வழக்கில் பணத்தை இழந்தவர் மகள். விடுதியை விட்டுப் போக முடிவெடுத்தவரும் அவரே. முடிவும் அதன் விளைவும் ஒரே ஆளிடம் இருந்தன. பிரிந்த குடும்பத்தில் 17 வயது மகன் தந்தையின் முகத்தில் விழிக்க மறுக்கிறான். ஆனால் நின்றுபோகிற தொகை அவன் கைக்கு வந்துகொண்டிருந்த தொகை அல்ல. அது தாயின் வங்கிக் கணக்குக்குப் போனது. வீட்டு வாடகையாகவும் மளிகையாகவும் மின்கட்டணமாகவும் ஆனது. மகன் அதே வீட்டில், அதே அறையில், அதே தட்டில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அவன் யாருடைய வீட்டையும் விட்டு வெளியேறவில்லை. பிள்ளைக்கு விதித்த தண்டனையைத் தாய் கட்டுகிறார்.

தாயே பிள்ளையின் மனத்தைத் திருப்பியிருந்தால் என்ன என்ற எதிர்க்கேள்வி நியாயமானதே. அப்படிப்பட்ட வழக்குகள் உண்டு. ஆனால் அதற்கு நியூயார்க் நீதிமன்றங்களிடம் வேறொரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளையைச் சந்திக்கும் உரிமையைத் தாய் திட்டமிட்டுத் தடுக்கிறார் என்று நிரூபித்தால், பராமரிப்புத்தொகையை நிறுத்திவைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அங்கே விசாரணை தாயின் நடத்தையைப் பற்றியது, விளைவும் தாயையே சேர்கிறது. அந்தப் பாதையில் நிரூபிக்க முடியாததை, பிள்ளை விடுபட்டுவிட்டது என்ற பாதையில் சாதிக்கப் பார்க்கும் வழக்குகளைத்தான் நீதிபதிகள் ஐயத்தோடு அணுக வேண்டியிருக்கிறது.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். 1989-இல் நியூயார்க் கொண்டுவந்த பராமரிப்புத் தரநிலைச் சட்டப்படி, இரு பெற்றோரின் வருமானத்தையும், சட்டம் அனுமதிக்கும் கழிவுகளுக்குப் பின், ஒன்றாகக் கூட்டி, ஒரு பிள்ளைக்கு அதில் 17 விழுக்காடு, இருவருக்கு 25, மூவருக்கு 29, நால்வருக்கு 31, ஐவருக்கும் அதற்கு மேலும் குறைந்தது 35 விழுக்காடு என்று கணக்கிடப்படுகிறது. வரும் தொகையைத் தாயும் தந்தையும் தத்தம் வருமான விகிதப்படி பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, கூட்டு வருமானம் ஆண்டுக்கு 1,00,000 டாலர், அதில் தந்தையுடையது 60,000 என்று வைத்துக்கொண்டால், ஒரே பிள்ளைக்கான 17,000 டாலரில் தந்தையின் பங்கு 10,200; மாதத்துக்கு 850 டாலர். 18-ஆவது பிறந்தநாளில் விடுபாடு அறிவிக்கப்படுவதற்கும் 21 வரை கடமை தொடர்வதற்கும் இடையிலான வேறுபாடு, இந்தக் கணக்கில் மட்டும் 30,600 டாலர். மருத்துவக் காப்பீட்டுப் பங்கும், சூழ்நிலையைப் பார்த்து நீதிமன்றம் விதிக்கக்கூடிய கல்லூரிச் செலவும் இதற்கு மேல்.

வழக்கமான விடுபாட்டு வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருமணம் செய்துகொண்டால் கடமை முடிகிறது. ராணுவப் பணியில் சேர்ந்தால் முடிகிறது. முழுநேர வேலைக்குப் போய்த் தன்னைத் தானே தாங்கிக்கொண்டாலும் முடியும். ஆனால் கடைசி வகையில் நுணுக்கம் இருக்கிறது. பள்ளியை விட்டுவிட்டுக் கடையில் வேலை பார்க்கும் 18 வயதுப் பையன் சம்பளம் வாங்குகிறான் என்பது மட்டும் போதாது. தாயின் வீட்டில் வாடகையின்றி இருந்து, தாய் கட்டும் காப்பீட்டில் மருத்துவம் பார்த்து, தாய் வாங்கிப்போடும் பொருளைச் சாப்பிட்டால், அவன் பொருளாதாரத்தில் விடுபட்டவனாகக் கருதப்படுவது கடினம்.

தாமாகவே நிறுத்தியவர்களின் நிலுவை

சட்டத்தின் நுட்பத்தைவிட நடைமுறையில் மக்களை அதிகம் வீழ்த்துவது வேறொன்று. பிள்ளை விடுபட்டுவிட்டது என்று தாமாகவே முடிவு செய்து பணத்தை நிறுத்திவிடுகிறார்கள் பெற்றோர். உத்தரவு எழுத்தில் இருக்கும் வரை தொகை ஒவ்வொரு மாதமும் ஏறிக்கொண்டே போகும். நியூயார்க்கின் குடும்ப நீதிமன்றச் சட்டம் 451-ஆம் பிரிவின்படி, மனுத் தாக்கல் செய்த நாளுக்கு முன் சேர்ந்த நிலுவையை நீதிமன்றம் குறைக்கவோ நீக்கவோ முடியாது. 1986-இல் வந்த பிராட்லி திருத்தம் எனும் கூட்டாட்சிச் சட்டமும் அதையே எல்லா மாநிலங்களுக்கும் விதிக்கிறது. ஆகவே மகள் வேலைக்குப் போய்த் தனி வீடு எடுத்த மாதத்திலேயே தந்தை மனுப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் விடுதலை, ஓராண்டு கழித்துப் போட்டால் அந்த ஓராண்டுக்கும் கிடைக்காமல் போகலாம். இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரே தொகையாக உத்தரவு இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். மூத்தவருக்கு 21 நிறைந்ததும் பாதியைக் குறைத்துக் கட்டத் தொடங்குகிற பெற்றோர் உண்டு. அந்தத் தொகை தானாகப் பாதியாவதில்லை. 25 விழுக்காட்டிலிருந்து 17 விழுக்காட்டுக்குத்தான் கணக்கு இறங்கும், அதுவும் மனுப் போட்டு மாற்று உத்தரவு வாங்கிய பிறகே.

இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால், பெற்றோரிடமிருந்து விலகி நிற்க விரும்பும் பிள்ளைக்கு நியூயார்க் ஒரு நேர்வழியைத் தரவில்லை. கலிபோர்னியாவில் அதற்கென்று தனிச் சட்டம் உண்டு. 14 வயது நிறைந்தவர், பெற்றோரின் சம்மதத்தோடு அவர்களைப் பிரிந்து வாழ்ந்து, தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொண்டு, வருமானம் குற்றவழியில் வந்ததல்ல என்று காட்டினால், நீதிமன்றத்தில் மனுச் செய்து விடுபாட்டு ஆணை பெறலாம். நியூயார்க்கில் அத்தகைய மனு கிடையாது. பராமரிப்பு வழக்கு, நலத்திட்ட வழக்கு என்று வேறொரு விவகாரம் வரும்போது, அதன் ஓரத்தில்தான் பிள்ளை விடுபட்டதா என்ற கேள்வி எழுகிறது. விடுபாடு அங்கே பெரும்பாலும் பிள்ளை கேட்டுப் பெறும் உரிமையாக வருவதில்லை. பிள்ளைக்கு எதிராக எழுப்பப்படும் தடையாகவே வருகிறது.

அந்தத் தடைக்குப் பின்னால் மாணவருக்குக் காத்திருப்பது இன்னொரு வாசல். கல்லூரிக்கான கூட்டாட்சி நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும்போது, 24 வயது நிறையாத, மணமாகாத மாணவர் பொதுவாகப் பெற்றோரைச் சார்ந்தவராகவே எண்ணப்படுகிறார்; பெற்றோரின் வருமானமும் படிவத்தில் சேர வேண்டும். மைனராக இருக்கும்போதே நீதிமன்ற ஆணையால் விடுவிக்கப்பட்டவருக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் பெற்றோர் தர மறுக்கிறார் என்பது மட்டுமே விலக்குக்குக் காரணமாக ஏற்கப்படுவதில்லை. ஆகவே ரோ விதியின்படி 19 வயதில் பராமரிப்பை இழந்த ஒரு நியூயார்க் மாணவர், பராமரிப்புச் சட்டத்துக்கு விடுபட்டவர். நிதியுதவிப் படிவத்துக்கு இன்னும் சார்ந்தவர். கொடுக்காத தந்தையின் வருமானம், கிடைக்கவேண்டிய உதவியைக் குறைத்துவிடுகிறது. இதற்கிடையே 2010-இன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் அதே மாணவரைப் பெற்றோரின் காப்பீட்டில் 26 வயது வரை இருக்க அனுமதிக்கிறது. ஒப்பந்தத்துக்கு 18, பராமரிப்புக்கு 21, கல்வி உதவிக்கு 24, காப்பீட்டுக்கு 26 என்று ஒரே ஆளின் முதிர்ச்சியை நான்கு அலுவலகங்கள் நான்கு அளவுகோலால் அளக்கின்றன. அன்று லூயிவில்லில் காரை விற்றுச் செலவு செய்த மாணவிக்கு இதில் முதல் இரண்டும் ஒரே எண்ணாக இருந்தன.

நடத்தைவழி விடுபாடு நிலையானது அல்ல என்பதையும் நியூயார்க் வழக்குகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வீட்டைத் துறந்த பிள்ளை 21 வயதுக்குள் திரும்பி வந்து, மீண்டும் பெற்றோரின் பொறுப்பிலும் சொல்லிலும் வாழத் தொடங்கினால், அல்லது வேலை இழந்து மறுபடி அவர்களைச் சார்ந்து நிற்கும் நிலை வந்தால், முடிந்துபோன பராமரிப்புக் கடமை மீண்டும் உயிர்பெறலாம். அதற்கும் ஒரு மனுத் தேவை. இம்முறை மனுவைப் போடுபவர் பெரும்பாலும் தாயாக இருப்பார், எண்ணப்படுவது 21-ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் எஞ்சியிருக்கும் மாதங்களாக இருக்கும்.